கரண்ட் போனால் டிஸ்டர்பன்ஸா, இன்டரப்ஷனா?

போன இதழில் ‘இன்டரப்ஷன்’ என்ற சொல்லை ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போனேன். தொட்டது வினையாகிவிட்டது, வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இந்த ஒரு சொல்லையும் அதன் சொந்தக்காரர்களையும் மட்டும் பார்ப்போம். ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டு வாசியுங்கள், காதுக்குப் பழகட்டும்.

கேள்வி: சேர், நான் ஓ.எல். சோதனைக்குப் படிக்கிறேன். நேற்றிரவு கரண்ட் போனதை ‘தெயர் வாஸ் அ டிஸ்டர்பன்ஸ் ஒஃப் கரண்ட்’ என்று கட்டுரையில் எழுதினேன். ரீச்சர் வெட்டிப்போட்டு ‘இன்டரப்ஷன்’ என்று எழுதிவிட்டார். அகராதியில் இரண்டுக்கும் இடையூறு என்றுதான் கிடக்கிறது. பிறகு ஏன் வெட்டினார்?
— மாணவி, கிளிநொச்சி

பதில்: ரீச்சர் வெட்டியது சரி பிள்ளை. அகராதியையும் குறை சொல்ல மாட்டேன். ஆங்கிலக்காரர் தனித்தனியாக எடுத்து வைத்திருக்கிற மூன்று நான்கு சாமான்களை அது ‘இடையூறு’ என்ற ஒரே கடகத்துக்குள் போட்டுத் தந்துவிடுகிறது, வீட்டுக்குப் போய்ப் பிரித்து எடுப்பது நம்முடைய வேலை.

இன்டரப்ஷன் லத்தீனில் இருந்து வந்த சொல். ‘இன்டர்’ என்றால் இடையில், ‘ரும்பெரெ’ என்றால் உடைத்தல். ஓடிக்கொண்டிருந்த ஒன்று நடுவழியில் முறிகிறது, அவ்வளவுதான். (ஊழலுக்குச் சொல்கிற ‘கரப்ஷன்’, எரிமலை வெடிக்கிற ‘எரப்ஷன்’ எல்லாம் இதே உடைகிற குடும்பம்தான்.) டிஸ்டர்பன்ஸின் வேர் வேறு, ‘துர்பாரெ’, கலக்குதல். எருமை இறங்கிக் கலக்கின குளத்தை நினைத்துப் பாரும். தண்ணீர் எங்கேயும் போகவில்லை, தெளிவுதான் போய்விட்டது. அதுதான் டிஸ்டர்பன்ஸ்.

இப்போது இதைக் கரண்டுக்குப் போட்டுப் பாரும். பல்ப் மங்கி மங்கி எரிகிறது, ஃபான் ஒருக்கால் பறக்கிறது, ஒருக்கால் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. அது டிஸ்டர்பன்ஸ். எல்லாம் நின்று இருட்டாகிவிட்டால்தான் இன்டரப்ஷன். இது நான் கட்டின கதையில்லை, மின் பொறியியலாளர்கள் இதை அளந்தே வைத்திருக்கிறார்கள். ஐ.இ.இ.இ. 1159 என்ற தரக்குறிப்பில், மின்னழுத்தம் இருக்கவேண்டிய அளவில் 10 வீதத்துக்கும் கீழே விழுந்தால்தான் இன்டரப்ஷன், 10க்கும் 90க்கும் இடையில் தொங்கினால் ‘சாக்’, அதாவது நாங்கள் லோ வோல்டேஜ் என்று திட்டுகிற அது. நமது வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், அது 23 வோல்ட்டுக்குக் கீழே போனால் இன்டரப்ஷன் என்று கணக்கு வைத்துக்கொள்ளும். கொம்பியூட்டர் கடைகளில் ‘யூ.பி.எஸ்.’ என்று ஒரு பெட்டி விற்கிறார்களே, அதன் முதல் எழுத்து ‘அன்இன்டரப்டிபிள்’, இடையில் முறிக்க முடியாதது. நமது ஊரில் அதன் பற்றரி பத்து நிமிடத்தில் முறிந்துவிடுகிறது, அது வேறு கதை.

ஆக, வசனம் இப்படி வரும்: ‘தெயர் வாஸ் ஆன் இன்டரப்ஷன் டு த பவர் சப்ளை லாஸ்ட் நைட்.’ இதில் மூன்று இடத்தைக் கவனியும். சொல் உயிரெழுத்தில் தொடங்குவதால் ‘அ’ இல்லை, ‘ஆன்’. பின்னால் ‘டு’ வரும், ‘இன்’ போட்டாலும் பிழையில்லை. முறிந்தது ‘கரண்ட்’ இல்லை, ‘பவர் சப்ளை’. நாம் வீட்டில் கரண்ட் என்று சொல்வது ஆங்கிலக்காரருடைய பேச்சில் அந்த இடத்தில் ஒட்டாது.

அப்புறம் ஒரு உண்மையையும் சொல்லிவிடவேண்டும். அந்த ஊர்க்காரர் தன் சிநேகிதனுக்கு எழுதினால் இன்டரப்ஷன் என்று எழுதவே மாட்டார், ‘வீ ஹாட் அ பவர் கட் லாஸ்ட் நைட்’ என்பார். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது தெற்கிலே இங்கிலீசில் பேசுகிறவர்களும் பவர் கட் என்றுதான் அழுதார்கள். இன்டரப்ஷன் நோட்டீசுக்கும் அறிக்கைக்கும் உரிய சொல். பெரிய சொல் போட்டால் புள்ளி கூட விழும் என்று யாரோ பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள், யாரென்று தெரிந்தால் ஒரு கதை கதைக்கலாம்.

என்னிடம் படித்த ஒரு பையன் முந்தி ஒருமுறை, யுத்த காலத்தில் வன்னியில் ‘நீண்ட பவர் இன்டரப்ஷன்’ இருந்தது என்று எழுதினான். அவன் தொண்ணூறுகளில் பிறந்தவன், ஜாம்போத்தல் விளக்கில் அ ஆ படித்தவன், சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டைனமோவைச் சுற்றித் தகப்பன் ரேடியோ கேட்கப் பார்த்து வளர்ந்தவன். கரண்ட் என்று ஒன்று வந்திருந்தால்தானே தம்பி அது இடையில் முறிய! அதற்கு ‘தெயர் வாஸ் நோ எலெக்ட்ரிசிட்டி’ போதும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒன்றுக்குத்தான் இன்டரப்ஷன் வரும்.

கேள்வி: எங்கள் கிராமத்துக் குடிநீர்த் திட்டத்துக்கு நான்தான் செயலாளர். தாங்கி கழுவுவதற்காக இப்படி ஒரு நோட்டீஸ் போட்டேன்: ‘வோட்டர் சப்ளை வில் பீ இன்டரப்ஷன் டுமோரோ. வீ ரிகிரெட் ஃபோர் த டிஸ்டர்பன்ஸ்.’ ஊருக்கு வந்த பிரதேச செயலக உத்தியோகத்தர் ஒருவர் பார்த்துச் சிரித்தார், ஆனால் பிழை என்னவென்று சொல்லவில்லை.
— வாசகர், முல்லைத்தீவு

பதில்: சிரித்தவர் திருத்திவிட்டும் போயிருக்கலாம். ‘வில் பீ’க்குப் பின்னால் இங்கே பெயர்ச்சொல் நிற்காது. தண்ணீர் ‘தடை’யாக மாறப்போவதில்லையே, தடைப்படப்போகிறது. ஆகவே ‘வில் பீ இன்டரப்டெட்’. பெயர்ச்சொல்தான் வேண்டுமென்றால் ‘தெயர் வில் பீ ஆன் இன்டரப்ஷன் டு த வோட்டர் சப்ளை டுமோரோ’ என்று தொடங்குங்கள்.

இரண்டாவது வசனத்தில், ‘ரிகிரெட்’ தனக்குப் பின்னால் ‘ஃபோர்’ ஐ விடாது. ‘அப்பலஜைஸ்’ என்றால் ‘ஃபோர்’ வேண்டும். டிஸ்டர்பன்சும் அங்கே சரிவராது. முறிந்தது தண்ணீருக்கு, கரைச்சல் சனத்துக்கு. சனத்தின் கரைச்சலுக்குச் சொல் ‘இன்கன்வீனியன்ஸ்’. ‘வீ ரிகிரெட் த இன்கன்வீனியன்ஸ்’, முடிந்தது.

ஒரு கேள்வி, குறை நினைக்காதீர்கள். உங்கள் கிராமத்தில் அந்த நோட்டீசை இங்கிலீசில் வாசிக்கிறவர் எத்தனை பேர்? ‘நாளைக்குக் காலை 8 மணியிலிருந்து பின்னேரம் 2 மணி வரை தண்ணி வராது, பிடித்து வையுங்கள்’ என்று தமிழில் பெரிதாக எழுதி மேலே ஒட்டுங்கள். இங்கிலீஷ் கீழே கிடக்கட்டும்.

கேள்வி: ரயில் சம்பந்தப்பட்ட செய்திகளில் ‘டிஸ்ரப்ஷன்’ என்று வருகிறது, சில நேரம் ‘இன்டரப்ஷன்’, சில நேரம் ‘சஸ்பென்ஷன்’. மூன்றும் ஒன்றுதானா?
— வாசகர், ஓமந்தை

பதில்: இல்லை ஐயா. டிஸ்ரப்ஷனும் அந்த உடைகிற குடும்பம்தான், ஆனால் ‘டிஸ்’ என்பது சிதறிப்போவதைக் குறிக்கும். ரயில் ஓடும், ஆனால் காலமை வரவேண்டியது மத்தியானம் வரும், ஒன்று வராமலே விடும், வந்தது பாதி வழியில் நின்று சனத்தை இறக்கிவிடும். ஒழுங்கு குலைந்துவிட்டது, அது டிஸ்ரப்ஷன். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வெள்ளம் வந்தபோது ரோட்டு, பள்ளிக்கூடம், கடை எல்லாம் குழம்பிப் போச்சே, அதற்கு ‘த ஃப்ளட்ஸ் காஸ்ட் டிஸ்ரப்ஷன்’ என்பது பொருத்தம். அந்த இடத்தில் இன்டரப்ஷன் போட்டால் மெலிந்து தெரியும். சஸ்பென்ஷன் என்றால் தானாக நின்றதில்லை, யாரோ தீர்மானித்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஓமந்தையில் இருந்துகொண்டு ரயிலைப் பற்றிக் கேட்டதால் யாழ்தேவியையே எடுத்துக்கொள்வோம். 1990இல் வடக்குக்கான ஓட்டம் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின, பாதையில் மரம் வளர்ந்தது. 1995இல் ஒரு செய்தியாளர் அதை ‘இன்டரப்ஷன்’ என்று எழுதியிருந்தால் யாருக்கும் பொருந்தியிருக்காது, நின்றது நின்றதுதான் என்று நாங்கள் விட்டுவிட்டிருந்தோம். பிறகு 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் வந்தது, 2014 ஒக்ரோபர் 13 யாழ்ப்பாணத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு திரும்பிப் பார்த்து ‘ஆஃப்டர் ஆன் இன்டரப்ஷன் ஒஃப் ட்வென்டிஃபோர் இயர்ஸ்’ என்று எழுதினால் வசனம் சரியாக உட்காரும். அதே 24 வருடம்தான், மறுமுனை கிடைத்தபிறகுதான் அந்தப் பெயர் அதற்குக் கிடைத்தது. பெரும்பாலும் இந்தச் சொல்லுக்குள்ளே ‘பிறகு தொடர்ந்தது’ என்ற ஒன்று ஒளிந்திருக்கும், இலக்கணப் புத்தகத்தில் தேடினால் அகப்படாது.

கேள்வி: 2008இல் ஓ.எல். எழுத இருந்தேன். இடம்பெயர்ந்து, 2009இல் மனிக் பாம் முகாமில் இருந்து, 2010இல்தான் எழுதினேன். வேலை விண்ணப்பம் போடும்போதெல்லாம் அந்த இரண்டு வருடத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். தெரிந்த ஒருவர் ‘டியூ டு வார் டிஸ்டர்பன்ஸ் ஐ லொஸ்ட் மை ஸ்டடீஸ்’ என்று எழுதித் தந்தார். எனக்கு அது என்னவோ போல் இருக்கிறது.
— வாசகி, விசுவமடு

பதில்: உங்களுக்கு அப்படிப் படுவது நியாயம்தான் தங்கச்சி. முதலில் அந்த ‘லொஸ்ட்’ ஐ எடுத்து வெளியே போடுங்கள். நீங்கள் படிப்பைத் தொலைக்கவில்லையே, 2010இல் வந்து சோதனை எழுதியிருக்கிறீர்கள். ‘வார் டிஸ்டர்பன்ஸ்’ என்றால், பக்கத்து வீட்டில் ஸ்பீக்கர் போட்டதால் படிக்க முடியாமல் போன மாதிரி இருக்கிறது. நடந்தது அதுவா?

உங்களுக்குப் பொருந்துவது இன்டரப்ஷன்தான், மேலே யாழ்தேவிக்குச் சொன்ன அதே காரணத்தால். அதையும் பெயர்ச்சொல்லாக இல்லாமல் வினைச்சொல்லாகப் போட்டால் இன்னும் நன்றாக நிமிர்ந்து நிற்கும்: ‘மை ஸ்கூலிங் வாஸ் இன்டரப்டெட் பை டிஸ்பிளேஸ்மென்ட் இன் 2008. ஐ ரெஸ்யூம்ட் இட் அண்ட் சாட் த ஓ.எல். இன் 2010.’ இரண்டு வசனம், அதற்கு மேல் ஒரு எழுத்தும் வேண்டாம். முதல் வசனத்தில் நடந்தது, இரண்டாவதில் நீங்கள் செய்தது. பெயர்ச்சொல்தான் வேண்டும் என்று விண்ணப்பப் படிவம் கேட்டால் (சில படிவங்களில் ‘இடைவெளிக்கான காரணம்’ என்று ஒரு பெட்டி வைத்திருப்பார்கள்) ‘இன்டரப்ஷன் டு ஸ்கூலிங், 2008 டு 2010, டியூ டு டிஸ்பிளேஸ்மென்ட்’ என்று நிரப்புங்கள்.

இதை வாசிக்கிற வேறு பலருக்கும் இதே கேள்வி இருக்கும் என்பதால் ஒரு வித்தியாசத்தையும் சொல்கிறேன். உங்கள் வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் பள்ளிக்கூடம் முற்றாக நின்றுவிடவில்லை. சில பள்ளிக்கூடங்கள் இடம்பெயர்ந்து மரத்தடியில் நடந்தன, கொஞ்ச நாளில் அங்கிருந்தும் எழும்பி இன்னோரிடத்தில் நடந்தன, முகாமுக்குள்ளும் தறப்பாளின் கீழே வகுப்பு நடந்தது. அப்படி இழுபட்டு இழுபட்டுத் தொடர்ந்து படித்தவர்கள் இன்டரப்ஷன் என்று போட்டால் அது அவர்களுடைய கதை இல்லை. படிப்பு நிற்கவில்லை, சிதறியது. ‘மை எடுகேஷன் வாஸ் டிஸ்ரப்டெட்’ என்று எழுதவேண்டும். திரும்ப எழுதாமலே விட்டவர்கள் ‘ஐ ஹாட் டு லீவ் ஸ்கூல் இன் 2008’ என்று எழுதலாம், ‘ஹாட் டு’ என்பதில் தன் விருப்பத்தில் விடவில்லை என்பது வந்துவிடுகிறது. மூன்றில் எது உங்களுடையது என்று பார்த்து எடுங்கள், எழுதிக்கொடுக்கிற ஆளுக்கு அது தெரியாது.

நேர்முகத்தில் கேட்டால் தமிழிலோ இங்கிலீசிலோ உங்களுக்கு விருப்பமான அளவுக்குச் சொல்லுங்கள். தாளில் அந்த இரண்டு வசனம் போதும்.

கேள்வி: ஆறாம் வகுப்பு மகள் ‘வீ பிளே டியூரிங் த இன்டரப்ஷன்’ என்று எழுதியிருக்கிறாள். பள்ளிக்கூட இடைவேளையைச் சொல்கிறாளாம். சரியா?
— தாய், வவுனியா

பதில்: பிழை, ஆனால் கெட்டிக்காரப் பிழை. மணி அடித்து எல்லாருக்கும் தெரிந்து விடுகிற இடைவேளை ‘இன்டர்வல்’. பாடம் நடந்துகொண்டிருக்க அதிபர் கதவைத் திறந்து ‘மாஸ்டர், ஒரு நிமிசம்’ என்றால் அது இன்டரப்ஷன். திட்டம் போட்டு வருவது அது, சொல்லாமல் கொள்ளாமல் வருவது இது. மகளிடம், இன்டரப்ஷன் நேரத்தில் விளையாடினால் அடிதான் விழும் என்று சொல்லுங்கள்.

கேள்வி: வேலை விசயமாகப் பெரிய ஆட்களுக்கு ஃபோன் எடுக்கும்போது ‘சொறி ஃபோர் த டிஸ்டர்ப்’ என்றுதான் தொடங்குவேன். கூட்டங்களிலும் அதையே சொல்வேன். எங்கள் கந்தோரில் எல்லாரும் அப்படித்தான்.
— கள உத்தியோகத்தர், மல்லாவி

பதில்: எல்லாரும் சொல்வதால் பிழை சரியாகாது தம்பி, பிழைக்குத் துணை கிடைக்கும், அவ்வளவுதான். ‘டிஸ்டர்ப்’ வினைச்சொல், அதை ‘ஃபோர் த’ பின்னால் நிறுத்த முடியாது. ‘சொறி டு டிஸ்டர்ப் யூ’ என்றோ, ‘சொறி ஃபோர் த டிஸ்டர்பன்ஸ்’ என்றோ சொல்லுங்கள். ஃபோனில் எனக்குப் பிடித்தது இரண்டும் இல்லை, ‘இஸ் திஸ் அ குட் டைம்?’ என்று கேட்டால் மற்றவருக்கு இல்லை என்று சொல்ல ஒரு வழி இருக்கும்.

கூட்டத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே போவதென்றால் ‘சொறி டு இன்டரப்ட்’. அங்கே நீங்கள் குலைப்பது அவருடைய நிம்மதியை இல்லை, அவருடைய பேச்சை. நமது பாராளுமன்றப் பேச்சுப் பதிவான ஹன்சாட்டை எடுத்துப் பாருங்கள். ஒருவர் பேசப் பேச மற்றவர் கத்தினால் இங்கிலீசில் ‘இன்டரப்ஷன்’ என்றும் தமிழில் ‘இடையீடு’ என்றும் அடைப்புக்குள் போட்டுவிடுகிறார்கள். கத்தினது என்னவென்று இருக்காது, கத்தினார்கள் என்பது மட்டும் இருக்கும். சில பக்கங்களில் பேச்சைவிட அடைப்புகள்தான் கூட.

கேள்வி: எல்லாம் சரி, தமிழில் இடையூறு என்ற ஒரு சொல்தானே இருக்கிறது? ஆங்கிலத்தில் இத்தனை வைத்திருக்கிறார்கள்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மாங்குளம்

பதில்: ஐயா, நீங்கள் என்னைச் சோதிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இடையூறு பழைய சொல், குறளிலேயே இருக்கிறது: ‘முடிவும் இடையூறும் முற்றியாங்கு எய்தும் படுபயனும் பார்த்துச் செயல்’, 676. ஊறு என்றால் கேடு, இடையில் வருகிற கேடு இடையூறு. இன்டரப்ஷனில் அந்தக் கேடு என்ற கருத்தே கிடையாது, வெறும் முறிவுதான். மாமா வந்து கூப்பிட்டதால் நான் எழுதுவதை நிறுத்தினாலும் இன்டரப்ஷன்தான், அதை இடையூறு என்றால் மாமா கோபிப்பார்.

சொல் இல்லாமல் இல்லை, நாம்தான் கடகத்தைத் திறப்பதில்லை. மின்சாரத்துக்குத் தடை, பேச்சுக்கு இடையீடு, வேலைக்குத் தடங்கல், ஆளுக்கு இடைஞ்சல் அல்லது கரைச்சல். எனக்கு மிகவும் பிடித்தது வானிலை அறிக்கைக்காரர் வைத்திருக்கிற சொல். வளிமண்டலத்தில் ‘டிஸ்டர்பன்ஸ்’ என்று இங்கிலீசில் வருவதைத் தமிழில் ‘தளம்பல் நிலை’ என்கிறார்கள். குடத்துத் தண்ணீர் தளம்புகிற அதே தளம்பல். கலக்குவது என்ற அந்த லத்தீன் வேரை இதைவிட அழகாகத் தொட முடியுமா?

ஒரு இடத்தில் மட்டும் தமிழ்ச் சொல்லை விட்டுக்கொடுக்க மாட்டேன். 1958, 1977, 1983 கலவரங்கள் எல்லாவற்றையும் இங்கிலீசில் எழுதும்போது ‘டிஸ்டர்பன்சஸ்’ என்று பன்மையில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இலக்கணப்படி பிழையில்லை, அகராதியிலும் அந்தப் பொருள் இருக்கிறது. ஆனால் 1977க்குப் பிறகு மலையகத்திலிருந்து உடுத்த துணியோடு வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியிருந்தவர்கள் வீட்டில் போய் ‘டிஸ்டர்பன்ஸ்’ என்று சொல்லிப் பாருங்கள். கலவரம் என்பதற்கு இங்கிலீசில் ‘ரயட்’ என்ற நேரான சொல் இருக்கிறது, அதைவிட நேரான சொற்களும் இருக்கின்றன.

கேள்வி: இன்டரப்ஷனில் ஒரு ‘ஆர்’ ஆ, இரண்டா? எப்போதும் குழம்புகிறது.
— வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: இரண்டு. ‘இன்டர்’ முடிவது ஒரு ‘ஆர்’ இல், ‘ரப்ட்’ தொடங்குவது இன்னொரு ‘ஆர்’ இல், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். டிஸ்ரப்ஷனுக்கு ஒன்றுதான், ‘டிஸ்’ இல் ‘ஆர்’ இல்லையே.